ஊறுகாய் மணக்கும் பிரேக்

என் கார் தானாகவே பிரேக் போடும். நான் இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாலும் போடும். போடும்போது எலுமிச்சை ஊறுகாய் வாசனை வரும். லேசுப்பட்ட வாசனை இல்லை. பிஐஇ விரைவுச்சாலையில் எனக்குப் பின்னால் வந்த நாற்பது மோட்டார்சைக்கிள்காரர்கள் அதை மோந்துவிட்டு, அடுத்த எக்ஸிட்டிலேயே இறங்கித் தயிர்சாதம் தேடிப் போனார்கள்.

இதைச் சொன்னபோது ரவூப் பாய் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "நாப்பதாண்ணே? எண்ணுனீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ரவூப் பாய்க்குப் புக்கிட் பாத்தோக் தொழிற்பேட்டையில் கார் பட்டறை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். அதில் ஒரு நாள்கூட அவர் நான் சொன்னதை நம்பியதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பஸ் ஓட்டிய காலத்தில் ஓர் உடும்பு முன்வாசல் வழியாக ஏறி, இரண்டு நிறுத்தம் தள்ளிப் பின்வாசல் வழியாக இறங்கிப் போனது. அது சத்தியம். அது பயணக் கார்டைத் தட்டிக் கட்டணம் செலுத்திவிட்டு ஏறியது என்று நான் சேர்த்துக்கொண்டதுதான் கொஞ்சம் அதிகம். அன்றிலிருந்து நான் மணி பத்து என்றால்கூடப் பாய் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

நான் வேலாயுதம். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஓட்டிய தூரத்தை நீட்டிப் போட்டால் நிலாவுக்குப் போய், அங்கே யூ டர்ன் எடுத்து, மறுபடியும் போய்வரலாம். உட்கார்ந்தே பார்த்த வேலைதான். ஆனால் நான் உட்கார்ந்த நாற்காலி ஓடிக்கொண்டிருந்தது. ஓடாத நாற்காலியில் எப்படி உட்காருவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஓய்வு பெற்ற முதல் மாதம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். ஹாலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து ஹால். கீழ்வீட்டு அங்கிள் மேலே வந்து, வீட்டில் குதிரை வளர்க்கிறீர்களா என்று விசாரித்தார். "ஒரு எடத்துல இருங்களேன், எனக்குத் தல சுத்துது," என்றாள் என் மனைவி கமலா. கடைசியில் என் மகன் ரஞ்சன்தான் வழி கண்டுபிடித்தான். பொங்கோலுக்குக் குடிபோகும்போது தன் பழைய காரை எனக்கு விட்டுவிட்டுப் போனான். பதினாறு வயதுக் கார். பதிவு அவன் பெயரில், ஓட்டம் என் பெயரில். காலையில் தேக்கா, மதியம் ஈசூன், சாயங்காலம் காற்று வாங்க சாங்கி. அதன்பிறகு கமலாவின் தலையும் சுற்றவில்லை, கீழ்வீட்டு அங்கிளும் மேலே வரவில்லை.

அப்படி ஓடிக்கொண்டிருந்த கார் ஒரு வெள்ளிக்கிழமை வருடாந்திரச் சோதனையில் தோற்றுவிட்டது. முன்பக்க இடது பிரேக்கும் வலது பிரேக்கும் ஒத்துப்போகவில்லை என்று தாளில் அடித்துக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே ரஞ்சன் வந்தான்.

"அப்பா, ஒரே ஒரு சான்ஸ். வர்ற வியாழக்கெழம மறுபடியும் காட்டுங்க. அதுலயும் ஃபெயில்னா ஸ்க்ராப். மத்தியானம் வந்து எடுத்துக்கச் சொல்லி ஆளுக்குச் சொல்லிட்டேன்."

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலடா."

"பிரேக் வேல செய்யலன்னு எழுதியிருக்குப்பா. அதுல ஒண்ணும் ஆகலங்குறீங்க. பஸ் இருக்கு, எம்ஆர்டி ரயில் இருக்கு. ஜாலியா உக்காந்துட்டுப் போங்க லா."

ஜாலியாக உட்கார்ந்துகொண்டு போவதாம். நான் பஸ்ஸில் பயணியாகப் போய்ப் பார்த்தவன். முன்னால் ஓட்டும் பையன் பிரேக்கை மிதிக்க அரை வினாடி தாமதித்தாலும் என் கால் தானாகத் தரையை மிதிக்கும். ஜூரோங் ஈஸ்ட் போய்ச் சேர்வதற்குள் தொடையில் பிடித்துக்கொள்ளும். கார் போனால் எனக்கு மிச்சம் ஹால், அடுப்படி, கீழ்வீட்டு அங்கிள்.

சனிக்கிழமை காலையில் பாயிடம் போனேன். "பாய் பட்டறைக்குப் போயிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்து வருவதற்குள் கமலா கீழே போய்க் குப்பை போட்டுவிட்டு மூச்சிரைக்க மேலே வந்திருந்தாள். குப்பையைக் கீழே தள்ளிவிடும் குழாய் எங்கள் வீட்டு அடுப்படிக்குள்ளேயே இருக்கிறது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பாய் காரைத் தூக்கினார். இடது முன்சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார். ராட்டினம் மாதிரி சுற்றியது.

"நல்லாத்தான இருக்கு?"

"சோதனையில தோத்திருக்கு பாய்."

"அதத்தான் பாக்குறேன்." சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடு இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டார். தட்டை இறுக்கிப் பிடிக்கிற காலிப்பரையும் பிரித்து, துடைத்து, உள்ளே ரப்பர் வளையம் மாற்றிப் பூட்டினார். புக்கிட் பாத்தோக் மேட்டில் ஏற்றி இறக்கினார். கார் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சாங்கிக்குப் போனேன். பாதி வழியில் கார் இடதுபக்கம் இழுத்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முனகியது. காலை எடுத்தால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் சுணங்கி நின்றது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வீட்டுக்கு வந்து, மூன்றாவது மாடிக் கார் நிறுத்துமிடத்தில் நாலு காலில் நின்று சக்கரத்தை மோந்து பார்த்தேன். பக்கத்து பிளாக் ஆண்ட்டி அந்த வழியாகப் போனவர், பார்த்துவிட்டு வேறு லிஃப்ட்டுக்குப் போய்விட்டார். கழற்றிப் பார்க்கலாம் என்று குறட்டைத் தேடினால் கருவிப்பெட்டியில் இல்லை. அடுப்படி இழுப்பறையில் கரண்டிகளோடு கிடந்தது.

"குறடு இங்க என்ன பண்ணுது?"

"மிக்ஸி மூடி தெறக்கல," என்றாள் கமலா, திரும்பிப் பார்க்காமல்.

திங்கட்கிழமை மறுபடியும் பட்டறை. சக்கரம் மறுபடியும் ராட்டினம். அப்போதுதான் நாற்பது மோட்டார்சைக்கிளையும் ஊறுகாயையும் பற்றிப் பாயிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்து முடித்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, பேடு தீஞ்சா தீஞ்ச வாசன வரும். ரப்பர் தீஞ்சா ரப்பர் வாசன வரும். முப்பத்தஞ்சு வருசத்துல ஊறுகா வாசன வந்து நான் பாத்ததில்ல. சீரகம் தாளிக்கிற சத்தமும் கேட்டுச்சா?"

"கேலி பண்ணாதீங்க பாய். வியாழக்கெழமக்கு மூணு நாள்தான் இருக்கு."

"நான் சொன்னாக் கோவப்படுவீங்க. பஸ்ஸு ஓட்டின கால். எடது கால் ஓய்வு பெறல. உங்களுக்கே தெரியாம பிரேக்குல கெடக்கு. பிரேக் ஒராஞ்சா சூடாகும், இழுக்கும், நிக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தொழிற்பேட்டையின் ஆறு மாடியும் குலுங்கியிருக்க வேண்டும். குலுங்கவில்லை. நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை இடது காலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு இருக்கையின் கம்பியோடு கட்டிக்கொண்டு உட்லண்ட்ஸ் வரை ஓட்டினேன். கார் அப்போதும் இழுத்தது. ஊறுகாய் வாசனை அப்போதும் வந்தது. அதோடு பெருவிரலும் மரத்துப்போனது.

அன்று எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. டிவியைப் போட்டேன், அணைத்தேன். லிஃப்ட்டில் கீழே போனேன், காரைப் பார்த்தேன், மேலே வந்தேன். ஐந்தாவது தடவை போனபோது எனக்கு ஒன்று உறைத்தது. பாய் பட்டறைக்குப் போனால் கார் ஒழுங்காக இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் கெட்டுப்போகிறது. ஆகவே இந்தக் காருக்கு ரவூப் பாயைக் கண்டால் பயம். அவரிடம் போகிறோம் என்பது அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதற்குத் தெரியாமல் பாயைக் கொண்டுவர வேண்டும்.

சிரிக்கலாம். ஆனால் நான் நினைத்ததில் முக்கால் பங்கு சரி.

புதன்கிழமை மதியம் யாரிடமும் பட்டறை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "தேக்காவுக்குப் போவோமா? மீன் வாங்கணும்னியே," என்றேன். கமலா பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள். லுஹர் தொழுகை முடித்துவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் பாய் நின்றுகொண்டிருந்தார், நான் காலையில் போனில் சொன்னபடி. தோளில் ஒரு சின்ன சாமான் பை. காரை நிறுத்தி நான் இறங்கிக்கொண்டேன்.

"நீங்களே ஓட்டுங்க பாய். என் எடது கால இங்க ஓரமா வச்சுக்குறேன்."

கமலா பின்சீட்டுக்கு மாறினாள். மாறியவள் உட்காரவில்லை. "பாய் எதுக்கு? தேக்காவுக்குன்னுதான சொன்னீங்க?"

"தேக்காவுக்குத்தான். பாயும் வர்றார்."

"ஒரு நிமிசம் வண்டிய ஆஃப் பண்ணுங்களேன். நான் எறங்கி ஒண்ணு பாத்துட்டு ஏறிக்குறேன்."

"என்னத்தப் பாக்கப் போற? ஏறு."

ஏறினாள். சீட்பெல்ட்டைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

பாய் ஓட்டுவதைப் பார்ப்பது ஓர் அனுபவம். அவர் காரை ஓட்டமாட்டார், விசாரிப்பார். சிக்னலில் பிரேக்கை மிதிப்பார், விடுவார், காதைச் சாய்த்துக் கேட்பார். பிஐஇ ஏறும்வரை கார் ஒரு குறையும் சொல்லவில்லை. நாளைக்கு வியாழக்கிழமை. இன்றும் இது நல்லபிள்ளையாக நடித்துவிட்டால் என் கதை முடிந்தது.

ஆடம் ரோட்டுக்கு முன்னால் நெரிசல். பாய் நிறுத்தினார், நகர்ந்தார், நிறுத்தினார், நகர்ந்தார். நெரிசல் விட்டது. வேகம் எடுத்தார். எழுபது, எண்பது. சட்டென்று அவர் புருவம் சுருங்கியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். பிறகு நான் சாகும்வரை மறக்க முடியாத ஒரு காரியம் செய்தார். இரண்டு காலையும் பெடல்களுக்கு மேலே தூக்கினார்.

எழுபது. அறுபது. ஐம்பது. சமதளச் சாலையில், யாரும் தொடாமல், கார் முக்கிக்கொண்டு அடங்கியது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"பாத்தீங்களா பாய், யார் கால் எங்க இருக்கு?"

பாய் இடது ஓரத் தடத்துக்கு மாறி, அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, மெதுவாக புக்கிட் தீமா ரோட்டில் இறங்கினார். அடுத்த சிக்னலில் நின்றபோது அவர் நாசித் துவாரங்கள் இரண்டும் விரிந்தன. ஜன்னலை இறக்கினார். மூச்சை இழுத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி இழுத்தார். நான் வெளியே ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் சில நேரம் பேசாமல் இருப்பதிலும் சுகம் உண்டு. எனக்கு அது புதிது.

தேக்கா சந்தைக் கார் நிறுத்துமிடத்துக்குள் காரைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்து போட்டார். இறங்கி வலது முன்சக்கரத்தின் பக்கம் கையை நீட்டினார். வெதுவெதுப்பு. இடது பக்கம் வந்தார். கையைக் கொண்டுபோகவே முடியவில்லை. கமலாவின் தண்ணீர் பாட்டிலை வாங்கிச் சக்கரத்தின் மேல் நாலு துளி விட்டார். தோசைக்கல் மாதிரி சுர்ரென்றது.

கொஞ்சம் ஆறவிட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைத் தள்ளினார். அசையவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு, காலிப்பரில் காற்று எடுக்கும் சின்ன நட்டை அரைத் திருகு திருப்பினார். பிரேக் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்தது. மறுபடி தள்ளினார். சக்கரம் ராட்டினம்.

"காலிப்பர் மேல குத்தமில்லண்ணே," என்றார் மெதுவாக. "நீங்க மிதிக்கும்போது ஆயில் பலமா உள்ள போயிடுது. கால எடுத்தாத் திரும்பி வரணும். வரல. உள்ளயே நின்னு பிடிச்சுக்கிட்டு இருக்கு. வழியில எங்கயோ யாரோ கதவச் சாத்தியிருக்காங்க."

ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி, போனில் விளக்கைப் போட்டு, பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் வழியாக விரலைத் தடவிக்கொண்டே மேலே போனார். காரின் உடம்போடு ஹோஸ் சேரும் இடத்தில் விரல் நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை நான் பார்த்ததே இல்லை. எதையோ பிடித்து இழுத்தார். வரவில்லை. பையிலிருந்து வெட்டுக்குறட்டை எடுத்து ஏதோ வெட்டினார். பிறகு கையை வெளியே எடுத்து விரித்தார்.

ஜாதிக்காய் அளவில் கருகிச் சுருங்கிய ஓர் உருண்டை. அதன் மேலும் கீழும் கறுத்துப்போன இரண்டு பச்சைமிளகாய். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கட்டுக்கம்பி.

"இது என்ன ஸ்பேர் பார்ட்டுன்னு எனக்குத் தெரியல," என்றார் பாய்.

நான் திரும்பினேன். கமலா சந்தைக் கூரைமேல் உட்கார்ந்திருந்த புறாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கமலா."

"என்னையேன் பாக்குறீங்க? உங்க மகனப் போய்க் கேளுங்க. முன்னாடி பம்பர்ல தொங்குனா அசிங்கமா இருக்குன்னு அவன்தான் சொன்னான். அதான் யார் கண்ணுலயும் படாத எடமாப் பாத்துக் கட்டுனேன். நீங்கதான் எப்பவும் சக்கரத்தத் திருப்பி வச்சு நிறுத்துறீங்களே, கை நல்லாப் போச்சு. ரப்பர் ட்யூபுதான, கொடி மாதிரி இருந்துச்சு."

"நூல்ல கட்டக் கூடாதா அண்ணி?" என்றார் பாய்.

"நூல்லதான் கட்டுனேன். ரோட்டுல விழுந்துடுச்சு. திருஷ்டிக்குக் கட்டுனது விழுந்தா ஆகாதுல்ல. அதான் கம்பி."

"எதுல முறுக்குனீங்க?"

கமலா என்னைப் பார்த்தாள். "இவரோட குறடுலதான்."

"ஏழு சுத்து. ஹோஸ் இடுப்பு மாதிரி ஒடுங்கிப் போச்சு. என் பட்டறையில எவனும் இப்படி முறுக்க மாட்டான்." பாய் உருண்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, என்கிட்ட ரெண்டு நாளக்கி முன்னாடிகூட வண்டி வந்துச்சே. அப்போ இது இல்லயே அண்ணி. சத்தியமா இல்ல."

கமலாவின் குரல் இறங்கியது. "உங்ககிட்ட வரும்போது அவுத்துடுவேன் பாய். நீங்க அந்த எடத்துலதான கைய விடுவீங்க. பூசை பண்ணின பழம் கையில பட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு. வீட்டுக்கு வந்ததும் புதுப் பழமாக் கட்டிடுவேன்."

எனக்கு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது: குப்பை போடப் போனது, மூச்சிரைத்தது, மிக்ஸி மூடி. வெள்ளிக்கிழமை சோதனைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். சோதனை அதிகாரிக்காக அவள் அவிழ்க்கவில்லை.

பாய்தான் முதலில் பேசினார். "அண்ணி, என் மொத லாரிக்கு எங்க உம்மா தாயத்துக் கட்டுனாங்க. எனக்கு என்ன சங்கடம்? ஆனா அவங்க ஸ்டியரிங்குல கட்டுனாங்க. பிரேக்குல கட்டல."

"எம்பதுல பறக்குற மனுசன் நாப்பதுல போனாரா இல்லியா?" என்றாள் கமலா. அவளுக்கு உயிர் திரும்பிவிட்டது. "நான் வேண்டிக்கிட்டது அதுக்குத்தான்."

கம்பி கடித்த ஹோஸை நம்பக் கூடாது என்றார் பாய். பிரேக் ஆயிலை நிரப்பிக்கொண்டு பட்டறைக்கு ஊர்ந்து போனோம். மீன் வாங்க மறந்துவிட்டோம். முன்பக்கம் இரண்டுக்கும் புது ஹோஸ் மாட்டினார். காற்று எடுக்க என்னை உள்ளே உட்காரவைத்து, "மிதிங்க, பிடிங்க, விடுங்க," என்றார். தொள்ளாயிரம் தடவை மிதித்தேன். பாயைக் கேட்டால் இருபது என்பார். கிளம்பும்போது பம்பருக்கு அடியில், நம்பர் பிளேட்டை மறைக்காத இடத்தில், ஒரு சின்னக் கொக்கியைத் திருகி, "இனிமே இங்க மட்டும் அண்ணி," என்று காட்டினார்.

வியாழக்கிழமை காலை சோதனை மையத்தின் காத்திருப்பு இடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் சுவருக்குச் சுவர் நடந்தேன். கண்ணாடி வழியாக என் கார் பிரேக் சோதிக்கும் உருளைகளின்மேல் ஏறுவது தெரிந்தது. நின்றது. உறுமியது. என் வலது கால் தரையை அழுத்தியது. பக்கத்திலிருந்த ஒரு சீனப் பெரியவர் என் காலையும் என்னையும் பார்த்துவிட்டு, தானும் லேசாகத் தன் காலை அழுத்தினார். அவருடையதும் பழைய காராக இருக்கும்.

தாளை நீட்டினார்கள். பாஸ். ரஞ்சனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். ஸ்க்ராப் ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பதில் போட்டான். அங்கிருந்து நேராக ஈசூன், ஈசூனிலிருந்து சாங்கி, சாங்கியிலிருந்து வீடு. கார் இழுக்கவில்லை, முனகவில்லை, மணக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைத் தேநீர்க் கடையில், வழக்கமான மேசையில், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எதிரே என் பழைய பஸ் நண்பன் தனசேகரன். என் பக்கத்தில் ரவூப் பாய், அவர் முன்னால் தே ஹாலியா என்கிற இஞ்சி டீ. மோட்டார்சைக்கிள்கள் அறுபதாகியிருந்தன. அதில் பத்துப் பேர் எல்லை தாண்டி ஜொகூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், தயிர்சாதத்துக்காக அன்று வேலைக்கே போகவில்லை.

தனசேகரன் சிரித்துச் சிரித்து மேசையைத் தட்டினான். பிறகு பாயைப் பார்த்தான். "இவன் சொல்றத விடுங்க பாய். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. வண்டி தானா நின்னுச்சா? ஊறுகாயாம். நடந்துச்சா, இல்லியா?"

பாய் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒருவர் காப்பாற்றிய கொள்கை அது. உடையும்போது நேரம் எடுக்கும். நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அறுவது பைக்கெல்லாம் இல்ல," என்றார் பாய் கடைசியில். "பின்னாடி ஒரு லாரிதான் வந்துச்சு."

"அதான பாத்தேன்."

"ஆனா வண்டி நின்னுச்சு தனசேகரன். நான்தான் ஓட்டுனேன், ரெண்டு காலையும் தூக்கிட்டேன், அது பாட்டுக்கு நின்னுச்சு. ஒரு எலுமிச்சம்பழம்தான் நிறுத்துச்சு." ஒரு மடக்குக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "ஊறுகா வாசனயும் வந்துச்சு. எனக்கே பசிச்சுடுச்சு."